தவறிய உதைக்கு ஒரு புள்ளி

ஆகஸ்டில் வருவது வியர்வை மட்டும்.
எழுபத்திரண்டு ஜெர்சிகள்
உப்புப் பூத்து, அட்டைபோல் விறைத்து
என் கூடையில் விழும்.
முகங்கள் அப்போது பழகியிராது.
எண்களைத்தான் துவைக்கிறேன்.

பதினொன்று, குவாட்டர்பேக் லீலண்ட் ஃபெஹர்.
கோதுமைப் பண்ணைக்காரர் வீட்டுப் பையன்.
உட்புறம் வெளியே வரத் திருப்பித்தான் போடுவான்,
யாரோ நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.
ஐம்பத்தாறு, டாரியன் ஒகேமாவ்.
குனிந்து, கால்களுக்கிடையே
பந்தைப் பின்னுக்கு அனுப்புகிறவன்.
வாரம் தவறாமல் முழங்கையில் கிழிசல்.
முப்பத்தொன்பது, ஆன்செல்ம் கோடே,
உதைப்பதற்கென்றே இருப்பவன்.
அவனுடையது போனபடியே திரும்பி வரும்.
கூடையின் அடியில் அதைச் செருகிவிட்டுப் போவான்,
சுத்தம் ஒரு குற்றம்போல.

ரெஜைனாவில் நாற்பத்தொன்றுக்கு மூன்று.
பேருந்து அதிகாலை மூன்றுக்கு வந்தது.
யாரும் பேசவில்லை, ஒருவன் மட்டும்
பொட்டேட்டோ சிப்ஸ் பாக்கெட்டை
மெல்ல, மிக மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தான்.
தோல்விக்கென்று தனி வாடை இல்லை,
வென்றவர் துணியும் இப்படித்தான் நாறும் என்கிறார்கள்.
ஒப்பிட்டுப் பார்க்க
செப்டம்பர் முழுக்க எனக்கு வாய்க்கவில்லை.

எல்லைக்குத் தெற்கே
பத்து யார்டு நகர நான்கு முயற்சி தருவார்கள்.
இங்கே மூன்று.
எங்கள் கோடையும் மூன்று மாதம்தான்,
அதற்குள் விதைத்து அறுத்தாக வேண்டும்.

புல் கறைக்கு வினிகர்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்,
வெந்நீர் பட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும்.
ஐந்தாம் ஆட்டத்தில் லீலண்டின் தோள் இறங்கிப்போனது.
கழற்ற வழியில்லாமல்
மருத்துவர் ஜெர்சியைக் கழுத்திலிருந்து கத்தரித்தார்.
கத்தரித்ததைத் தைக்கக் கூடாது, குப்பையில் போட வேண்டும்,
துறையின் சுற்றறிக்கை அப்படி.
தைத்தேன்.
நல்ல தையல் இல்லை. நூலின் நீலம் சற்று வேறு.
பிறகு அவன் கையைத் தூளியிலிட்டு
கோட்டோரம் நின்றான்,
தன் இடத்தில் ஓடும் முதலாமாண்டுப் பையனுக்கு
எல்லோரையும்விட உரக்கக் கத்தியபடி.

ஆறு போயிற்று. ஏழும்.

எட்டாவது, சொந்த மைதானம், பனி.
கோடுகளை மண்வாரியால் தேடியெடுத்தார்கள்.
பதினாறுக்குப் பதினாறு. பதினொரு விநாடி.
சலவை அறைக் கதவைத் திறந்துபோட்டு
நானும் சரிவில் போய் நின்றேன், சோப்புக் கையோடு.
டாரியன் அனுப்பினான். ஆன்செல்ம் உதைத்தான்.
பந்து நேராகத்தான் போனது,
காற்று அதை வலப்பக்கம் கூப்பிடும்வரை.
கம்பத்துக்கு வெளியே.
ஒரு நொடி முழு ஊரும் மூச்சை விடவில்லை.
பிறகு அந்தக் கோடியில்
பந்தைப் பிடித்தவன் ஓடத் திரும்பினான்,
பனியில் கால் வாரிற்று,
எழுவதற்குள் நம்மவர் நால்வர் அவன்மேல்.

அதற்கு ரூஜ் என்று பெயர்.
தவறிய உதை,
எதிராளி தன் எல்லைக்குள்ளேயே சிக்கிக்கொண்டால்,
ஒரு புள்ளி.
வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.
பதினேழுக்குப் பதினாறு.

அன்று இரவு முப்பத்தொன்பது
சேறும் பனியும் யாருடைய மூக்கு ரத்தமோ அதுவுமாய்,
அறுபது பேர் மேலே விழுந்த கனத்தோடு வந்தது.
கூடவே அவனும் வந்தான்.
"நான் அடித்தது தவறிவிட்டது, வெர்னா."
"பார்த்தேன்."
"அப்பா கூப்பிடுவார். எப்படிச் சொல்வது?"
பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.
கொஞ்ச நேரம் இருவரும்
அது சிவந்து, வெளுத்து, இறங்குவதைப் பார்த்தோம்.
பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.
எடுத்துக்கொண்டே வெளியே போனான்.

ஒரு வெற்றி, ஏழு தோல்வி. கடைசி இடம்.
அடுத்த சுற்று வேறு யாருக்கோ.

நவம்பரில் சரக்குக் கணக்கு.
மடித்து, பெட்டியில் அடுக்கி, எண்ணினேன்.
எழுபத்தொன்று.
மறுபடி எண்ணினேன்.
பதினொன்று இல்லை,
அந்த மட்டமான தையலோடு.
பதிவேட்டில் எழுபத்திரண்டு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.